பக்கத்துக் காம்பராவுக்கு ஏன் பி.எச்.ஐ. வந்தார்? அறிவிக்கப்பட வேண்டிய நோய்கள் பற்றி ஓர் எளிய விளக்கம்

இலங்கை மலைநாட்டுத் தோட்டமொன்றில், வரிசை வீடுகளான ஒரு லயத்தில் அடுத்தடுத்து இருக்கும் இரண்டு காம்பராக்களை, அதாவது ஒற்றை அறை வீடுகளை, எடுத்துக்கொள்வோம். முதலாவதில் குடியிருக்கும் பெரியவருக்கு 12 ஆண்டுகளாகச் சீனி வருத்தம், அதாவது நீரிழிவு. மாதம் ஒரு முறை விடியற்காலையில் பஸ் பிடித்து ஆதார வைத்தியசாலையின் கிளினிக்குக்குப் போய், வரிசையில் நின்று, மருந்துப் பையோடு மத்தியானம் திரும்புகிறார். காலில் ஒரு விரலை ஏற்கெனவே எடுத்தாகிவிட்டது. இத்தனை ஆண்டுகளில் சுகாதாரக் காரியாலயத்திலிருந்து ஒருவரும் அவரைத் தேடி வந்ததில்லை. இரண்டாவது காம்பராவில் இருக்கும் பிள்ளை காய்ச்சலோடு மூன்று நாள் வாட்டில் இருந்துவிட்டு, சுகமாகிப் பள்ளிக்கூடமும் போகத் தொடங்கிவிட்டாள். ஆனால் அடுத்த வாரமே பி.எச்.ஐ. எனப்படும் பொதுச் சுகாதாரப் பரிசோதகர் மோட்டார் சைக்கிளில் வந்து இறங்கி, அவளைப் பெயர் சொல்லி விசாரித்து, வீட்டுப் பின்புறத்துப் பீப்பாய்க்குள் டோர்ச் அடித்துப் பார்த்து, கூரைப் பீலியில் கைவிட்டுத் துழாவி, எதையோ எழுதிக்கொண்டு போகிறார். அந்த வீட்டில் என்ன பெரிய வியாதி என்று அன்று மாலைக்குள் லயத்தின் தொங்கல் வரை பேச்சுப் பரவிவிடுகிறது.

உண்மையில் பெரிய வியாதி முதல் காம்பராவில்தான் இருக்கிறது. ஆயினும் பி.எச்.ஐ. இரண்டாவது காம்பராவுக்கு வந்ததற்குக் காரணம், அந்தப் பிள்ளைக்கு டெங்கு என்ற சந்தேகம் வாட்டில் எழுந்ததும், டெங்கு ‘அறிவிக்கப்பட வேண்டிய நோய்கள்’ என்ற சட்டப் பட்டியலில் இருப்பதும் ஆகும். அந்தப் பட்டியலில் ஒரு நோய் இருந்தால், அதைக் காணும் வைத்தியர் சிகிச்சை கொடுப்பதோடு கடமை முடிந்ததென்று இருந்துவிட முடியாது. நோயாளி வசிக்கும் பிரதேசத்துச் சுகாதார வைத்திய அதிகாரிக்கு, அதாவது நாம் எம்.ஓ.எச். என்று சொல்பவருக்கு, எழுத்தில் தெரிவித்தாக வேண்டும். இந்தக் கட்டாயத்துக்குத்தான் ‘அறிவித்தல்’ என்று பெயர்.

இதற்கான அடிப்படைச் சட்டம் மிகப் பழையது. கொவிட் காலத்தில் ‘தனிமைப்படுத்தல் சட்டம்’ என்ற பெயரில் வானொலியிலும் தொலைக்காட்சியிலும் நாம் ஓயாமல் கேட்ட அந்தக் கட்டளைச் சட்டம் 1897ஆம் ஆண்டுக்குரியது. அதற்கு முந்திய ஆண்டில் பம்பாயில் பிளேக் பரவத் தொடங்கியிருந்தது. கப்பல்களும் படகுகளும் அந்த நோயை இலங்கைக்குக் கொண்டுவந்துவிடும் என்ற அச்சம் அரசாங்கத்துக்கு இருந்தது. அந்தக் காலத்துச் சட்டங்களின் பார்வை பெரும்பாலும் துறைமுகத்தையும், தென்னிந்தியாவிலிருந்து தோட்டங்களுக்குக் கூட்டி வரப்பட்ட நம் முன்னோரையும் நோக்கியே இருந்தது. இந்தியக் கரையிலிருந்த மண்டபம் முகாமில் நாட்கணக்கில் தடுத்து வைக்கப்பட்டு, உடைகளும் உடலும் மருந்துத் தண்ணீரால் கழுவப்பட்ட பிறகே கடல் கடக்க விடப்பட்ட தலைமுறையின் வழியில் வந்தவர்கள் நாம். ‘சுகாதாரக்காரர்’ வந்தாலே வீட்டுக் கதவைச் சாத்திக்கொள்ளும் வழக்கத்துக்கு அறியாமை மட்டுமே காரணம் என்று நான் நினைக்கவில்லை. அதில் பழைய நினைவும் கொஞ்சம் கலந்திருக்கிறது. ஆனால் சட்டம் பழையதாக இருந்தாலும், அது இன்று செய்யும் வேலை வேறு.

பட்டியலில் இரண்டு பிரிவுகள் உண்டு. முதற் பிரிவில் வாந்திபேதி எனப்படும் கொலரா, பிளேக், மஞ்சள் காய்ச்சல் ஆகிய மூன்றும் அடங்கும். இவற்றில் ஒன்றைச் சந்தேகித்த உடனேயே, கடிதத்துக்குக் காத்திராமல், தொலைபேசி போன்ற மிக விரைவான வழியில் மேலிடம் வரை தெரிவிக்க வேண்டும். (மஞ்சள் காய்ச்சலையும் மஞ்சள் காமாலையையும் குழப்பிக்கொள்ளக் கூடாது. முன்னது ஆப்பிரிக்காவிலும் தென்னமெரிக்காவிலும் நுளம்பால் பரவும் நோய். பின்னது பல நோய்களில் தோன்றும் ஓர் அறிகுறி.) இரண்டாம் பிரிவில்தான் நம் மலைநாட்டு வாழ்க்கையோடு பழகிய பெயர்கள் வருகின்றன. டெங்கு, எலிக்காய்ச்சல், நெருப்புக் காய்ச்சல் (டைபொயிட்), வயிற்றுளைவு, செங்கண்மாரியாக வெளிப்படும் வைரஸ் ஈரல் அழற்சி, உணவு நஞ்சாதல், டைபஸ் காய்ச்சல், சின்னமுத்து, கொப்பளிப்பான், கூகைக்கட்டு, குக்கல், தொண்டைக்கரப்பன், மூளைக்காய்ச்சல், மலேரியா, ஏற்புவலி (டெட்டனஸ்), விசர்நாய்க்கடியால் வரும் நீர்வெறுப்பு நோய், காசநோய் எனப் பட்டியல் நீள்கிறது. தேவைக்கேற்ப அதில் புதியவையும் சேர்க்கப்படுகின்றன. கொவிட்-19 அவ்வாறு 2020இல் சட்டத்தின் கீழ் கொண்டுவரப்பட்டது.

இந்தப் பட்டியலில் எனக்கு மிகவும் பிடித்த பதிவு, பெயரே இல்லாத ஒன்று: ஏழு நாளோ அதற்கு மேலோ நீடிக்கும் காய்ச்சல். என்ன நோய் என்று எவராலும் சொல்ல முடியாமல் ஒரு வாரம் காய்ச்சல் விடாதிருந்தால், அதுவே அறிவிக்கப்பட வேண்டிய ஒன்றாகிவிடுகிறது. ஒரே தோட்டத்திலிருந்து பெயர் தெரியாத நான்கு காய்ச்சல்கள் ஒரே வாரத்தில் பதிவானால், தண்ணீரிலோ, எலியிலோ, உண்ணியிலோ ஏதோ இருக்கிறது என்று தேடத் தொடங்க அது போதும்.

இங்கே ஒரு பொதுவான தவறான எண்ணத்தைத் திருத்த வேண்டியிருக்கிறது. பட்டியலில் இருப்பவை கொடிய நோய்கள், இல்லாதவை சாதாரண நோய்கள் என்று பலர் எண்ணிக்கொள்கிறார்கள். அப்படியல்ல. பெரும்பாலான பிள்ளைகளுக்குத் தானாகவே மாறிவிடும் கூகைக்கட்டு பட்டியலில் இருக்கிறது, மாரடைப்பு இல்லை. கொழுந்து எடுக்கும் மலையில் குளவிக் கூடு கலைந்து, கொட்டு வாங்கியவர்கள் வைத்தியசாலைக்குக் கொண்டுபோகும் வழியிலேயே உயிரிழந்த செய்தி மலைநாட்டுக்குப் புதிதல்ல. குளவிக் கொட்டும் பட்டியலில் இல்லை, பாம்புக்கடியும் இல்லை. பட்டியல் கேட்கும் கேள்வி, ‘இது எவ்வளவு ஆபத்தானது?’ என்பதல்ல. ‘இந்த ஒருவருக்கு வந்திருப்பது, பக்கத்தில் இருப்பவருக்கும் வரப்போகிறது என்பதற்கு அறிகுறியா? அப்படியானால், இப்போதே போய் ஏதாவது செய்ய முடியுமா?’ என்பதே அதன் கேள்வி. ஒருவரைக் கொட்டிய குளவியின் நஞ்சு அவரிடமிருந்து அடுத்தவருக்குப் போவதில்லை. ஒருவரின் நெருப்புக் காய்ச்சலோ, அதே பீலியில் தண்ணீர் பிடிக்கும் 20 குடும்பங்களுக்கான எச்சரிக்கை.

இந்த விதிக்குப் புறம்பானவைபோல் தோன்றுபவையும் உண்டு. ஏற்புவலி ஆளிலிருந்து ஆளுக்குத் தொற்றாது. மண்ணிலும் சாணத்திலும் இருக்கும் கிருமி காயத்தின் வழியே உள்ளே போவதால் வருவது. ஆனாலும் அது பட்டியலில் இருக்கிறது, ஏனென்றால் தடுப்பூசி முறையாகப் போடப்படும் நாட்டில் ஒருவருக்கு ஏற்புவலி வந்தால் எங்கோ ஓர் ஊசி தவறியிருக்கிறது, அதே இடத்தில் வேறு பலருக்கும் தவறியிருக்கலாம். நீர்வெறுப்பு நோயில் தேடப்படுவது அந்த நாயும், அதே நாய் கடித்த மற்றவர்களும் ஆகும். இலங்கையில் கடைசியாகப் போலியோ பதிவானது 1993இல். இருந்தும் 15 வயதுக்கு உட்பட்ட ஒரு பிள்ளைக்குத் திடீரென்று கையோ காலோ தளர்ந்து செயலற்றுப்போனால், அது இன்றும் உடனடியாக அறிவிக்கப்படுகிறது. ஒரு நோய் நாட்டில் இல்லை என்று உறுதியாகச் சொல்வதற்கும் தேடிக்கொண்டே இருக்க வேண்டும். 2016இல் மலேரியா அற்ற நாடாக உலக சுகாதார நிறுவனம் இலங்கையைச் சான்றளித்த பிறகும் இதே நிலைதான்: இந்தியாவுக்கு யாத்திரை போய்வந்தவருக்கோ, ஆப்பிரிக்க நாடொன்றில் வேலை செய்து திரும்பியவருக்கோ வரும் காய்ச்சலில் மலேரியாவுக்கான இரத்தப் பரிசோதனை இன்னும் செய்யப்பட வேண்டும்.

அடுத்து விளங்கிக்கொள்ள வேண்டியது, அறிவிப்புக்குச் சந்தேகமே போதுமானது என்பது. இரத்தப் பரிசோதனை முடிவு வந்து நோய் உறுதியான பிறகு அறிவிப்போம் என்று வாட்டில் காத்திருந்தால், டெங்கு நுளம்பு அதற்குள் அடுத்த தலைமுறையைப் பெற்றுப் பறக்க விட்டிருக்கும். முட்டை பொரித்து, குடம்பியாகி, நுளம்பாக எழுவதற்கு இதமான வெப்பத்தில் ஒரு வாரம் முதல் பத்து நாள் வரையே பிடிக்கிறது. அதனால்தான் பின்னர் வேறு காய்ச்சல் என்று தெரியவந்த பிள்ளையின் வீட்டுக்கும் பி.எச்.ஐ. வந்திருப்பார். அது வைத்தியர் செய்த பிழை அல்ல. முறையே அப்படித்தான் வகுக்கப்பட்டிருக்கிறது. வீண் பயணம் ஒன்றால் வரும் நட்டம், தாமதமான பயணம் ஒன்றால் வருவதைவிட மிகக் குறைவு. அறிவிக்கும் பொறுப்பும் அரசாங்க வைத்தியசாலைகளுக்கு மட்டும் உரியதல்ல. தனியார் மருந்தகத்து வைத்தியருக்கும், நோயைக் குணப்படுத்துவதாகச் சொல்லிச் சிகிச்சை செய்யும் எவருக்கும் சட்டம் அதே கடமையை விதிக்கிறது.

அந்தத் தகவல் பயணம் செய்யும் வழியைச் சற்று நெருங்கிப் பார்ப்பது நல்லது, ஏனென்றால் மலைநாட்டில் கோளாறு நேர்வது அந்த வழியில்தான். வாட்டில் ‘எச் 544’ என்ற எண்ணுடைய ஒரு படிவம் உண்டு. நோயாளியின் பெயர், வயது, நோய், நோய் தொடங்கிய நாள், வீட்டு முகவரி ஆகியவை அதில் எழுதப்படுகின்றன. அது வைத்தியசாலை இருக்கும் ஊரின் எம்.ஓ.எச். காரியாலயத்துக்குப் போவதில்லை, நோயாளி வசிக்கும் ஊரின் காரியாலயத்துக்கே போகிறது. அட்டன் பக்கத்துப் பிள்ளை கண்டியில் அனுமதிக்கப்பட்டிருந்தாலும் தகவல் வந்து சேர வேண்டிய இடம் அவளுடைய தோட்டத்துக்குப் பொறுப்பான காரியாலயம். அங்கே அது பதிவேட்டில் ஏற்றப்பட்டு, அந்தப் பகுதிக்குரிய பி.எச்.ஐ.யின் கைக்குப் போகிறது. அவர் நேரில் வந்து விசாரித்து, தாம் கண்டதை ‘எச் 411’ என்ற படிவத்தில் எழுதிக் கொடுக்கிறார். எல்லாவற்றையும் தொகுத்து எம்.ஓ.எச். வாரந்தோறும் கொழும்பிலுள்ள தொற்றுநோயியல் பிரிவுக்கு ஓர் அறிக்கை அனுப்புகிறார். ‘இந்த வாரம் நுவரெலியாவில் இத்தனை, பதுளையில் இத்தனை’ என்று பத்திரிகையில் நாம் பார்க்கும் எண்கள் இப்படித்தான் உருவாகின்றன. இப்போது இவற்றில் பல வேலைகள் கணினி வழியாகவும் நடக்கின்றன. ஆனால் தாளானாலும் கணினியானாலும், எல்லாம் தங்கியிருப்பது ஒரே ஒரு வரியின் மீது: முகவரி.

தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவர்களுக்கு இந்த இடத்திலேயே சிக்கல் விளங்கிவிடும். நமக்கு வீட்டு இலக்கமும் தெருப் பெயரும் கொண்ட முகவரி பெரும்பாலும் கிடையாது. கடிதம் தோட்டத்துக் காரியாலயத்துக்கு வரும், அங்கிருந்து ஆளைத் தேடி வரும். ‘எந்த இடம்?’ என்று வாட்டில் கேட்டால் தோட்டத்தின் பெயரைச் சொல்வோம், அவ்வளவுதான். அந்த ஒரு பெயரின் கீழ் நான்கைந்து டிவிஷன்கள் இருக்கும். மேற்பிரிவிலிருந்து கீழ்ப்பிரிவுக்கு நடந்தால் ஒரு மணி நேரம் ஆகும். ஒவ்வொன்றிலும் பத்து லயங்கள் இருக்கும். போதாக்குறைக்குப் பல தோட்டங்களுக்குத் தாளில் வெள்ளைக்காரன் வைத்த ஒரு பெயரும், வாயில் நம் ஆட்கள் வைத்த வேறொரு தமிழ்ப் பெயரும் வழங்குகின்றன. பதற்றத்தில் இருக்கும் தாய் வாய்ப்பெயரைச் சொல்கிறாள், அதைக் காதால் கேட்ட தாதி சிங்களத்தில் தமக்குப் பட்டபடி எழுதுகிறார், எம்.ஓ.எச். காரியாலயத்துப் பட்டியலில் அப்படி ஒரு தோட்டமே இல்லை. ஆளின் பெயரை வைத்துத் தேடலாம் என்றால், ஒரே டிவிஷனில் மூன்று லெட்சுமிகள் இருக்கிறார்கள்.

என் உறவுக்காரப் பெண் ஒருவருக்கு நேர்ந்ததைச் சொல்கிறேன். கண்ணும் சிறுநீரும் மஞ்சளாகி, சோற்றைக் கண்டாலே குமட்டிக்கொண்டு வந்து, அவர் ஒரு வைத்தியசாலையில் அனுமதிக்கப்பட்டார். கிருமி உணவாலும் தண்ணீராலும் பரவும் ஈரல் அழற்சி என்றார்கள். அறிவிப்பும் முறையாகவே எழுதப்பட்டது, ஆனால் டிவிஷன் குறிக்கப்படவில்லை. பரிசோதகர் வேறொரு டிவிஷனுக்குப் போய், அப்படி ஒருவர் இங்கே இல்லை என்று கேட்டுத் திரும்பிவிட்டார். சரியான லயத்தை அவர் கண்டுபிடித்தபோது மூன்று வாரங்கள் கடந்திருந்தன. அதே வரிசையில் மேலும் இரண்டு பிள்ளைகளுக்குக் கண் மஞ்சளாகியிருந்தது. அந்த நோய் உடலுக்குள் புகுந்து வெளியே தெரிய இரண்டு முதல் ஆறு வாரங்கள் வரை எடுக்கும் என்பதால், அந்தப் பிள்ளைகளுக்குக் கிருமி முன்பே போயிருக்கவும் கூடும். தாமதத்தால்தான் வந்தது என்று அடித்துச் சொல்ல மாட்டேன். ஆனால் லயத்துக்கு மேலே இருந்த ஊற்றுத் தொட்டியில் குளோரின் போடப்பட்டதும், அதற்கு மேட்டில் இருந்த உடைந்த கக்கூசுக் குழி மூடப்பட்டதும் அந்த மூன்று வாரங்களுக்குப் பிறகுதான். அந்த இடைவெளி முழுவதும் 14 குடும்பங்கள் அதே தண்ணீரைத்தான் பிடித்துக்கொண்டிருந்தன.

முகவரிக்கு அடுத்ததாகப் பரிசோதகர் கேட்கும் கேள்வி, ‘போன வாரங்களில் எங்கே இருந்தீர்கள்?’ என்பது. கேட்பவருக்கு இது வேண்டாத விசாரணையாகப் படலாம். ஆனால் ஒவ்வொரு நோய்க்கும் ஓர் உறங்கு காலம் உண்டு. டெங்கு நுளம்பு கடித்த நாலாம் நாளிலிருந்து பத்தாம் நாளுக்குள் காய்ச்சல் காண்கிறது. நெருப்புக் காய்ச்சலுக்கு ஒன்று முதல் மூன்று வாரங்கள் செல்லலாம். கொழும்பில் கடையில் வேலை செய்யும் பையனுக்குக் காய்ச்சல் வந்தால் அவன் ரயிலேறி வருவது தாய் வீட்டுக்குத்தான். வாட்டில் தோட்டத்து முகவரியைக் கொடுக்கிறான். அவன் கொழும்பிலிருந்து வந்து இரண்டே நாள்தான் ஆகிறது என்பதை யாரும் எழுதாவிட்டால், நுளம்பு தேடப்படுவது குளிரான மலையில். அவனைக் கடித்த நுளம்பின் கூட்டமோ கொழும்பில் நிம்மதியாகப் பெருகிக்கொண்டிருக்கும். ஏறத்தாழ 1,870 மீற்றர் உயரத்தில் இருக்கும் நுவரெலியா நகரத்தின் குளிரில் டெங்கு நுளம்பு எளிதாகப் பெருகுவதில்லை என்பது உண்மை. ஆனால் அதே மாவட்டத்தின் தாழ்ந்த பகுதியான கினிகத்தேனைக்கும், அதற்கும் கீழே நாவலப்பிட்டி, கம்பளை, கண்டி ஆகிய ஊர்களுக்கும் அந்தப் பாதுகாப்பு இல்லை. ‘மலையில் டெங்கு வராது’ என்ற பேச்சை எந்த உயரத்துக்கு மேலிருந்து சொல்கிறோம் என்று பார்த்துத்தான் நம்ப வேண்டும்.

நுளம்பைப் பற்றிப் பேசும்போது பூச்சிகளும் பிராணிகளும் இந்தக் கணக்கில் எங்கே நிற்கின்றன என்பதையும் பார்த்துவிடலாம். எலி, நுளம்பு, உண்ணி, இலையான், கரப்பான் போன்றவை நோய்கள் அல்ல. ஆகவே இவற்றை ‘அறிவிப்பது’ என்ற கடமை வைத்தியருக்கு இல்லை. இவற்றுள் சில, பட்டியலில் உள்ள நோய்களைச் சுமந்து வருகின்றன. மற்றவை தொந்தரவு தருவதோடு சரி. தொந்தரவு அதிகமாக இருப்பதனால் மட்டும் ஆபத்தும் அதிகம் என்று ஆகிவிடாது, இதற்கு அட்டையையும் உண்ணியையும்விட நல்ல உதாரணம் மலைநாட்டில் இல்லை.

மழைக்காலத்தில் கொழுந்து மலையில் இறங்கினால் அட்டை ஏறாத கால் கிடையாது. அது கடிக்கும்போது இரத்தம் உறையாமல் தடுக்கும் ஒரு பொருளைக் காயத்தில் விட்டுவிடுவதால், அட்டை விழுந்த பிறகும் இரத்தம் ஒழுகிக்கொண்டே இருக்கும். கால் சட்டையும் காலுறையும் நனைந்து, பார்ப்பவர் பதறும்படி இருக்கும். சவர்க்காரம் தேய்ப்பதும், சுண்ணாம்பு தடவுவதும், உப்புப் பொட்டலம் வைத்திருப்பதும் என இதற்கு வீட்டுக்கு வீடு ஒரு வைத்தியம் இருக்கிறது. இத்தனை ஆரவாரம் செய்தும் பட்டியலிலுள்ள நோய் எதையும் நம் நாட்டில் பரப்புவதாக அட்டை அறியப்படவில்லை. உண்ணியோ வலியில்லாமல் ஏறுகிறது. சிலவேளை மிளகின் பாதியளவுகூட இராது. புல்லிலும் நாயின் காதிலும் மாட்டின் மடியிலும் இருந்து வந்து, இடுப்பில் படங்கு கட்டிய இடத்திலோ, அக்குளிலோ, முழங்காலுக்குப் பின்னாலோ ஒட்டிக்கொள்கிறது. கடித்தது தெரியாமலே அது விழுந்தும் போய்விடலாம். ஒரு வாரம், பத்து நாள் கழித்துக் கடுமையான தலைவலியோடு காய்ச்சல் தொடங்கும்; சிலருக்கு உள்ளங்கை, உள்ளங்கால் வரை செந்நிறப் புள்ளிகள் எழும். இதுதான் பட்டியலில் ‘டைபஸ்’ என்று இருக்கும் குடும்பத்தைச் சேர்ந்த உண்ணிக் காய்ச்சல். மத்திய மலைநாட்டில் பெரும்பாலும் காணப்படுவது இந்தப் புள்ளிக்காய்ச்சல் வகை. அதன் உறவான, நுண்ணிய சிற்றுண்ணிகளால் வரும் இன்னொரு வகையில் கடித்த இடத்தில் சிகரெட்டால் சுட்டதுபோன்ற, வலியில்லாத கறுத்த பொருக்கு ஒன்று இருப்பது வழக்கம். கண்டுபிடித்துவிட்டால் மலிவான நுண்ணுயிர்க்கொல்லி மருந்திலேயே காய்ச்சல் இரண்டு மூன்று நாட்களில் இறங்கிவிடும். கண்டுபிடிக்காவிட்டால் நுரையீரலும் மூளையும் பாதிக்கப்படலாம். வைத்தியரிடம் ‘நான் மானாப்புல் வெட்டுகிறேன்’, ‘வீட்டில் மாடு இருக்கிறது’ என்று சொல்லும் ஒரு வாக்கியம் இங்கே பல பரிசோதனைகளுக்குச் சமம்.

எலிக்காய்ச்சலும் இப்படித்தான், தொழிலைச் சொன்னால் பாதி விளங்கிவிடும். எலியின் சிறுநீரோடு வெளியேறும் கிருமி ஈரமண்ணிலும் தேங்கிய நீரிலும் வாரக்கணக்கில் உயிரோடு இருந்து, காலிலுள்ள வெடிப்பு வழியாகவோ, கண், வாய் வழியாகவோ உடலுக்குள் போகிறது. வயலில் இறங்குபவர்கள், இரத்தினபுரிப் பக்கம் மாணிக்கக் குழியில் இறங்குபவர்கள், தோட்டத்தில் கான் வெட்டுபவர்கள் ஆகியோருக்கு இந்த ஆபத்து கூடுதல். கெண்டைக்கால் தசையைத் தொட முடியாத வலி, சிவந்த கண், காய்ச்சல் ஆகியவை சேர்ந்து வந்தால் வீட்டில் வைத்து மல்லித் தண்ணீர் கொடுத்துக்கொண்டிருக்கக் கூடாது. சிறுநீர் குறைந்தால் ஒரு நாள்கூடத் தாமதிக்கக் கூடாது. 2008இல் இந்த ஒரு நோய்க்கு மட்டும் நாடு முழுவதும் 7,000க்கும் மேற்பட்ட அறிவிப்புகள் வந்தன. விதைப்பு, அறுவடைக் காலங்களில் வயலில் இறங்குபவர்களுக்கு முன்கூட்டியே தடுப்பு மாத்திரை கொடுக்கும் ஏற்பாடு பி.எச்.ஐ. மூலமாக நடப்பதை நம்மில் பலர் அறிவதில்லை. எந்த ஊருக்கு அது தேவை என்று முடிவு செய்வதற்கு, முந்திய ஆண்டுகளில் அந்த ஊரிலிருந்து வந்த அறிவிப்புகள் உதவுகின்றன.

பூச்சிகளில் சட்டம் நேரடியாகத் தலையிடுவது நுளம்பின் விடயத்தில். 2007ஆம் ஆண்டின் 11ஆம் இலக்க நுளம்புப் பெருக்கத் தடுப்புச் சட்டத்தின்படி, தம் வளவில் நுளம்பு பெருகும் நிலையை வைத்திருப்பது குற்றம். அந்தப் பீப்பாயையும் கூரைப் பீலியையும் பரிசோதகர் பார்க்கும்போது அவர் கையில் இருப்பது இந்தச் சட்டம். நோயுற்றதற்காக ஒருவர் மீதும் வழக்குப் போட முடியாது. குடம்பி நெளியும் தண்ணீருக்காகப் போடலாம். இந்த இரண்டும் ஒரே வருகையில், ஒரே ஆளின் கையால் நடப்பதால்தான் ‘காய்ச்சலைச் சொன்னால் கோர்ட்டுக்கு இழுப்பார்கள்’ என்ற பயம் பரவியிருக்கிறது. லயத்துக் கூரைப் பீலியைச் சீராக்குவது குடியிருப்பவரின் கையிலா, தோட்ட நிர்வாகத்தின் கையிலா என்ற வழக்கு இதற்குள் வேறு இருக்கிறது. என் அபிப்பிராயத்தில், பரிசோதகர் எழுதும் குறிப்பு லயத்தாரோடு நின்றுவிடாமல் நிர்வாகத்தின் மேசைக்கும் போக வேண்டும்.

அறிவிக்கப்படாமல் போகும் நோய்களில் முதலிடம் அம்மைக்குக் கொடுக்கலாம். ‘அம்மா வந்திருக்கிறாள்’ என்று வாசலில் வேப்பிலை சொருகி, மஞ்சள் தண்ணீர் தெளித்து, பிள்ளையை வெளியே விடாமல் வைத்திருப்பது நம் வழக்கம். பிள்ளையைத் தனியே வைத்திருப்பது உண்மையில் நல்ல காரியம். ஆனால் அது வைத்தியரின் கண்ணில் படாததால் எந்தக் கணக்கிலும் ஏறுவதில்லை. வேப்பிலை கட்டிய வீட்டில் இருப்பது கொப்பளிப்பானா, தடுப்பூசியால் தடுக்கக்கூடிய சின்னமுத்தா என்பதை எவரும் பார்ப்பதில்லை. பக்கத்துக் காம்பராவில் கர்ப்பிணி இருந்தால் அந்த வேறுபாடு பெரியது. தோட்டத்துக்கு வரும் குடும்பநல உத்தியோகத்தரிடம் ஒரு வார்த்தை சொல்லிவிடுவதால் வழிபாட்டுக்கு ஒரு குறையும் வராது.

இப்போது முதல் காம்பராவின் பெரியவரிடம் திரும்புவோம். சீனி, பிரஷர், இருதய நோய், ஆஸ்துமா, நாட்பட்ட சிறுநீரக நோய் ஆகியவை பட்டியலில் இல்லாததற்குக் காரணம் இப்போது தெளிவாகியிருக்கும். அவருடைய சீனி அடுத்த காம்பராவுக்குத் தாவாது. இன்று மாலைக்குள் ஒருவர் வந்து தொட்டியில் மருந்து போட்டு அதை நிறுத்தவும் முடியாது. இவ்வகை நோய்களைச் சுகாதாரத் துறை வேறு வழியில் அணுகுகிறது. எம்.ஓ.எச். காரியாலயங்களிலும் வைத்தியசாலைகளிலும் உள்ள சுகவாழ்வு நிலையங்களில் 35 வயதைத் தாண்டியவர்களுக்கு இரத்த அழுத்தமும் சீனியும் இலவசமாகப் பார்க்கப்படுகின்றன. அறிவித்தலில் காரியாலயம் நம்மைத் தேடி வருகிறது. இங்கே நாம்தான் தேடிப் போக வேண்டும். நாட்கூலிக்கு ஒரு நாள் இழப்பு என்றால் அந்தத் ‘தேடிப் போதல்’ எவ்வளவு தள்ளிப் போடப்படும் என்பது சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

ஆனால் இரண்டு வகை நோய்களும் ஒன்றையொன்று தொடாமல் தனித்தனியே நிற்பதாக எண்ணக் கூடாது. சீனி கட்டுப்படாதவருக்குக் காசநோய் வரும் வாய்ப்பு மற்றவர்களைவிட இரண்டு மூன்று மடங்கு. அவருக்கு டெங்கோ எலிக்காய்ச்சலோ வந்தாலும் அது சிக்கலாகும் வாய்ப்பு அதிகம். காசநோயே இந்த இரண்டு வகைகளுக்கும் இடையில் நிற்கும் ஒரு நோய். நாட்பட்ட நோயைப்போல் மாதக்கணக்கில் இருக்கும், குறைந்தது ஆறு மாதம் மாத்திரை எடுக்க வேண்டும், நடுவில் விட்டால் மருந்துக்கு அடங்காத கிருமியாகிவிடும். ஆனால் இருமல் வழியாகக் காற்றில் பரவுவதால் அது அறிவிக்கப்பட வேண்டிய நோயும் ஆகும். அதற்குத் தனிப் படிவமும், மாவட்டந்தோறும் நெஞ்சு நோய்ச் சிகிச்சை நிலையமும் இருக்கின்றன. பத்துக்குப் பன்னிரண்டு அடிக் காம்பராவில், சன்னலை அடைத்து, விறகடுப்புப் புகைக்குள் ஆறு பேர் படுத்துறங்கும் வீட்டில் ஒருவருக்குக் காசநோய் என்றால், மற்ற ஐவரையும் பரிசோதிக்காமல் விடுவது சிகிச்சையில் பாதியைக் கைவிடுவதாகும். இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் நின்றபாடில்லை என்றால் அதைப் புகையிலைமேலும் குளிர்மேலும் போட்டுவிட்டு இருக்காமல், சளியைப் பரிசோதிக்கக் கொடுக்க வேண்டும். பரிசோதனையும் மருந்தும் இலவசம்.

கடைசியாக, நடைமுறையில் ஒன்று. கிளினிக் கொப்பியின் உள்ளட்டையிலும் பிள்ளைகளின் சுகாதார அட்டையிலும் முகவரியை முழுதாக எழுதி வைத்துவிடுவது நல்லது: தோட்டத்தின் தாள் பெயர், வாய்ப்பெயர், டிவிஷன், லய இலக்கம், காம்பரா, கிராம உத்தியோகத்தர் பிரிவு, ஒரு தொலைபேசி இலக்கம். தமிழில் எழுதியதற்குக் கீழே சிங்களத்திலும் யாரையாவது கொண்டு எழுதிக்கொள்ளலாம். அவசரத்தில் 1990 இலவச அம்புலன்சை அழைக்கும்போதும் இதே வரிகளை வாசித்துச் சொன்னால் போதும். வாட்டில் கேட்டால் வாயால் சொல்ல வேண்டாம், கொப்பியை நீட்டலாம். அதன் அடியில் பென்சிலால் இன்னும் இரண்டு வரிகளுக்கு இடம் விட்டு வைக்கலாம்: இந்த மூன்று வாரத்தில் எங்கெல்லாம் இருந்தேன், என்ன வேலை செய்தேன் என்று காய்ச்சல் வந்த அன்று எழுதிக்கொள்வதற்கு.